திங்கட்கிழமை காலையில் எழாத கணினி: ஊதா ஒயரில் ஒளிந்திருந்த கோளாறு

தஞ்சை வட்டாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், பில் எல்லாவற்றுக்கும் ஒரே கணினி. உள்ளூரில் அசெம்பிள் செய்தது: நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், எச்81 சிப்செட் மதர்போர்டு, 4 ஜிபி ரேம், ஒரு ஹார்டு டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கேபினட்டோடு சேர்ந்தே வந்த, மேலே 450 வாட் என்று அச்சடித்த எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய சிறு வோல்ட்டுகளாக மாற்றும் பவர் சப்ளைப் பெட்டி. ஏழு ஆண்டு ஓடிய இயந்திரம்.

புகார் ஐப்பசியில் தொடங்கியது. காலையில் கடை திறந்து பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். நாலைந்து முறை அழுத்தினால் ஆன் ஆகிவிடும். ஆனபிறகு இரவு வரை ஒரு தொல்லையும் இல்லை. கார்த்திகையில் பத்து இருபது முறை அழுத்த வேண்டியிருந்தது. மார்கழியில் எழ அரை மணி நேரம்கூட ஆனது. திங்கட்கிழமைகளில் மிக மோசம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தப்படும் நாளின் மாலையிலும் அதே கதி. மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டவுன் செய்துவிட்டுத் திரும்பி வந்தால் மட்டும் ஒரே அழுத்தில் ஆன் ஆகும்.

கோளாறு எங்கே என்பது இந்த ஒரு பத்தியிலேயே இருக்கிறது. ஆனால் புகாரை இப்படி முழுதாக யாரும் கேட்டு வாங்கவில்லை. 'ஆன் ஆகலை' என்ற இரண்டு சொல்லோடு இயந்திரம் இரண்டு இடங்களுக்குப் போய் வந்தது.

முதல் இடத்தில் ரேமைக் கழற்றி, தங்கப் பூச்சு முனைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். கூடவே கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் வடிவ சிஆர்2032 செல்லையும் மாற்றினார்கள். ரேமில் கோளாறு இருந்தால் திரையில் ஒன்றும் வராது, ஆனால் பெரும்பாலும் ஃபேன் நிற்காமல் சுற்றும், ஸ்பீக்கர் இருந்தால் பீப் கேட்கும். ஃபேனே நின்றுவிடும் இயந்திரத்தில் ரப்பருக்கு வேலையில்லை. 'ஆன் ஆகவில்லை', 'ஆன் ஆகிறது, டிஸ்ப்ளே வரவில்லை' என்ற இரண்டு புகார்களும் வெவ்வேறு திசையில் போகிறவை. செல் தீர்ந்திருந்தது உண்மைதான். அதற்குக் காரணம் வேறு. இரவில் மெயினையே அணைத்துவிடும் கடைகளில், கடிகாரத்தை ஓட்டும் சுமை முழுக்கச் செல்லின் தலையில் விழுகிறது. அதனால் அது சீக்கிரம் தீரும். தேதி தவறு என்று திரையில் செய்தி வந்ததைப் பார்த்து, அதையே நோய் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, 24 முனை கனெக்டரில் பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தார்கள். ஃபேன் சுற்றியது. 'சப்ளை நல்லா இருக்கு, போர்டு போச்சு' என்று தீர்ப்பு. பழைய மாடல் என்பதால் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றச் சொல்லி விலை கொடுத்தார்கள். புது எஸ்எம்பிஎஸ் விலையைப் போல நாலைந்து மடங்கு.

பேப்பர் கிளிப் சோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. கேட்க வேண்டிய கேள்வி வேறு.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரண்டு சப்ளை

1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில், பவர் பட்டன் 230 வோல்ட் லைனை நேரடியாக இணைப்பதோ துண்டிப்பதோ இல்லை. அது மதர்போர்டுக்கு ஒரு சைகை மட்டும் கொடுக்கும். அந்தச் சைகையைக் கேட்க மதர்போர்டு அரைத் தூக்கத்திலாவது விழித்திருக்க வேண்டும். அதற்காக எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு குட்டி சப்ளை தனியாக இருக்கிறது: 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, ஊதா ஒயர். சுவர் சுவிட்சைப் போட்ட கணத்திலிருந்து, கணினி அணைந்திருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் போர்டில் உள்ள சூப்பர் ஐஓ என்ற கட்டுப்பாட்டுச் சில்லும், போர்டின் முதன்மைச் சில்லான சிப்செட்டும் பேசிக்கொண்டு, பச்சை ஒயரைக் கீழே இழுக்கும், அதாவது பூஜ்ய வோல்ட்டுக்குக் கொண்டுவரும். அதன்பிறகே பெரிய சப்ளை கிளம்பி மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் தரும். எல்லாம் நிலைபெற்று 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் சாம்பல் ஒயரில் 5 வோல்ட் வரும். 'நான் தயார்' என்பது அதன் பொருள். அது வந்தால்தான் பிராசசர் வேலையைத் தொடங்கும்.

பேப்பர் கிளிப் பெரிய சப்ளையைச் சுமையில்லாமல் கிளப்பிப் பார்க்கிறது. போர்டின் சுமை ஏறிய நிலையில் ஊதா ஒயர் தாக்குப்பிடிக்கிறதா என்பதை அது சோதிப்பதே இல்லை.

அளந்தது

சோதனை ஒரு திங்கட்கிழமை காலை, கடையில் மெயினைப் போடும் முன்பே மல்டிமீட்டரை மாட்டித் தொடங்கியது. நேரம் இங்கே முக்கியம். மதியம் ஒரு மணிக்கு இந்த இயந்திரத்தைச் சோதித்திருந்தால் எல்லா அளவும் சரியாகவே இருந்திருக்கும்.

மீட்டர் டிசி 20 வோல்ட் நிலையில். கருப்பு முனை கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பில். சிவப்பு முனை 24 முனை கனெக்டரின் பின்புறம், ஒயர் நுழையும் துளை வழியாக. கனெக்டரைக் கழற்றாமலே இப்படி அளக்கலாம். இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கருப்பாகவே இருக்கும். அப்போது இடத்தை வைத்து எண்ண வேண்டும்; நிற ஒயர் உள்ள கனெக்டரில் எது எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும், இடம் மாறாது. கனெக்டரில் கொக்கி உள்ள வரிசையில், நீல ஒயரும் அதற்கு முன் ஆரஞ்சும் வரும் முனையிலிருந்து நான்காவது பச்சை, முறைப்படி 16ஆம் எண். கொக்கி இல்லாத வரிசையில், மஞ்சள் இரண்டு சேர்ந்திருக்கும் முனையிலிருந்து நான்காவது ஊதா, 9ஆம் எண்.

முதலில், மீட்டரை ஏசி நிலைக்கு மாற்றி அளந்தால், ஸ்பைக் கார்டில் 228 வோல்ட் ஏசி. சரி. கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி வைத்துவிட்டு ஊதாவை அளந்தால் 5.06 வோல்ட். அனுமதிக்கப்பட்ட எல்லை 4.75 முதல் 5.25 வரை. இதோடு நிறுத்தியிருந்தால் 'சப்ளை நல்லா இருக்கு' என்ற தீர்ப்பையே மூன்றாவது முறையும் கொடுத்திருக்க வேண்டியதுதான்.

கனெக்டரைப் போர்டில் மாட்டியதும் 4.31 ஆனது. பட்டனை அழுத்தியபோது மீட்டர் 3.6 வரை சரிந்து, ஃபேன் துடித்து நின்றபின் மீண்டும் 4.3க்கு ஏறியது. சாதாரண மீட்டர் நிதானமானது. உண்மையான சரிவு அதைவிட ஆழமாகவே இருக்கும்.

பிறகு பச்சை ஒயர். பட்டனை அழுத்தும் முன் 4.2 வோல்ட், அழுத்தியதும் 0.1 வரை விழுந்து, ஒரு கணத்தில் திரும்ப ஏறியது. குற்றவாளி யார் என்று சொல்வது இந்த ஒயர்தான். பட்டனை அழுத்தியும் பச்சை அசையவே இல்லை, ஊதாவோ 5 வோல்ட்டில் உறுதியாக நிற்கிறது என்றால் பட்டன், அதன் ஒயர், அல்லது போர்டு. பச்சை கீழே போய் அங்கேயே கிடக்கிறது, மஞ்சளில் 12 வரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய சப்ளை, அல்லது எங்கோ ஷார்ட். பச்சை போய்த் திரும்புகிறது, கூடவே ஊதாவும் தள்ளாடுகிறது என்றால், உத்தரவு கொடுத்த போர்டே மயங்கி விழுகிறது. இங்கே நடந்தது இதுதான்.

மயங்குவது ஏன் என்பதும் கணக்குக்குள் வருகிறது. ஊதாவின் 5 வோல்ட்டைப் போர்டு அப்படியே பயன்படுத்துவதில்லை. சிப்செட்டுக்கு 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. பல போர்டுகளில் அந்த வேலையைச் செய்வது 1117 வகைச் சிறு ரெகுலேட்டர். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவே அதற்குச் சுமார் 1.1 வோல்ட் இடைவெளி வேண்டும். உள்ளே 4.31 வந்தால் வெளியே 3.2 கிடைக்கும். போர்டின் சின்ன எல்இடி எரியும், மவுஸின் சிவப்பு வெளிச்சம் தெரியும், பார்ப்பவருக்கு 'சப்ளை வருது' என்று தோன்றும். உள்ளே 3.6 ஆனால் வெளியே 2.5தான். சிப்செட் ரீசெட் ஆகிவிடும், பச்சை ஒயரை விட்டுவிடும், பெரிய சப்ளை அணையும்.

ஒருமுறை ஆன் ஆகிவிட்டால் இரவு வரை ஏன் தொல்லை இல்லை? பெரிய சப்ளை வந்ததும் போர்டில் உள்ள மாஸ்பெட்கள் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) அந்தச் சுமையின் பெரும்பகுதியை ஊதாவிலிருந்து சிவப்பு 5 வோல்ட்டுக்கு மாற்றிவிடும். நோயாளிக்குத் தலைச்சுமை இறங்கிவிடுகிறது.

கடைக்காரர் தானாகக் கண்டுபிடித்த ஒரு வைத்தியமும் இதோடு பொருந்தியது. யுஎஸ்பியில் இருக்கும் பில் பிரிண்டர், டாங்கிள், பென்டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் சற்றுச் சீக்கிரம் ஆன் ஆகிறது என்றார். 'யுஎஸ்பி போர்ட் ஷார்ட்' என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். பல போர்டுகளில் அணைந்த நிலையில் யுஎஸ்பிக்குப் போவது ஊதாவின் மின்சாரமே. பிடுங்கியதால் சுமை குறைந்தது, அவ்வளவே. பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கக்கூடிய போர்டின் அமைப்பு மெனுவில்) இஆர்பி என்ற அமைப்பை ஆன் செய்தாலும் இதே பலன் கிடைக்கும். அணைந்த கணினி அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற ஐரோப்பிய விதிக்காக வந்த அமைப்பு அது. வேலை நிற்கக் கூடாத கடையில் புது எஸ்எம்பிஎஸ் வரும்வரை இரண்டு நாள் ஓட்ட உதவும். வைத்தியம் ஆகாது.

போர்டை விடுவித்தது

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. எஸ்எம்பிஎஸ் பலவீனமா, அல்லது போர்டு அளவுக்கு மேல் இழுக்கிறதா? இரண்டிலும் ஊதா சரியும். இதைப் பிரிக்கத் தேவையானது 4.7 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வெள்ளையாக, செவ்வகமாக, சாக்பீஸ் துண்டு மாதிரி கிடைக்கும். போர்டு முழுக்க வெளியே. ஊதாவுக்கும் கருப்புக்கும் நடுவே ரெசிஸ்டர். சுமார் 1 ஆம்பியர் இழுக்கும், 5 வாட் சூடாகும். கையால் பிடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் மேல் வைக்கவும் கூடாது. இந்த எஸ்எம்பிஎஸ் லேபிளில் ஊதாவுக்கு 2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அதாவது சொன்னதில் பாதிச் சுமைதான்.

குளிர்ந்த நிலையில் 5.06 வோல்ட் 3.4 ஆக விழுந்தது. போர்டு நிரபராதி.

ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, சுவர் சுவிட்சை மட்டும் போட்டு இருபத்தைந்து நிமிடம் விட்டுவைத்து, மறுபடி அதே ரெசிஸ்டர்: 4.8 வோல்ட். சூடேறச் சூடேறத் தேறும் சப்ளை. ஷார்ட் இருந்தால் குளிர், சூடு வித்தியாசம் இல்லாமல் துடித்திருக்கும். வெப்பத்தால் தேறுவது காய்ந்த எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் (மின்சாரத்தைத் தேக்கி வைத்துச் சீராக்கும் சிறு உருளையின்) கையெழுத்து. உள்ளே இருக்கும் திரவம் வற்ற வற்ற அதன் உள் எதிர்ப்பு, இஎஸ்ஆர் என்பது, ஏறும். குளிரில் இன்னும் ஏறும், சூட்டில் இறங்கும். சித்திரை வெயிலில் இந்தக் கோளாறு தலைகாட்டாமல் இருந்ததும், ஞாயிறு முழுக்க மெயின் அணைந்திருந்த பிறகு திங்கட்கிழமை முற்றியதும், மதிய ஷட்டவுனுக்குப் பிறகு ஒரே அழுத்தில் எழுந்ததும் இதனால்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிய பிறகு பழையதைத் திறந்து பார்த்தது. இதை வீட்டில் செய்ய வேண்டாம். 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் 325 வோல்ட். பெரிய கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். மீட்டரால் அளந்து, இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் உள்ளே விரல் போகக் கூடாது.

ஸ்டாண்ட்பை வெளியீட்டில் 1000 மைக்ரோபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு. ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது, மற்றது பார்வைக்குப் புத்தம் புதிது. இஎஸ்ஆர் மீட்டரில் உப்பியது 140 மைக்ரோபாரட், 4 ஓமுக்கு மேல். அழகாக இருந்தது 410 மைக்ரோபாரட், 1 ஓமைத் தாண்டியது. நல்ல கெப்பாசிட்டர் என்றால் இது 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும். உப்பாததால் நல்லது என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு.

இரண்டும் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்குக்கு ஒட்டியபடி, ஃபேன் காற்று படாத மூலையில் இருந்தன. கெப்பாசிட்டரின் மேல் 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். 2000 மணி நேர ரகம் என்றால், 105 டிகிரியில் அவ்வளவு நேரம் உழைக்கும். வெப்பம் 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது தொழிலில் எல்லாரும் போடும் கணக்கு. 65 டிகிரியில் வைத்தால் நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரம். வாரம் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் கடையில் ஏழு ஆண்டுக்கு 26,000 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எதிர்பார்த்த காலத்திலேயே போயிருக்கிறது. இதே இடத்தில் 85 டிகிரி ரகம் போட்டிருந்தால் அதே கணக்கில் 8,000 மணி நேரம்தான். இரவு பகல் மெயின் போட்டே கிடக்கும் வீட்டில் ஒரு வருடம்கூடத் தாங்காது.

மாற்றியது

இரண்டு கெப்பாசிட்டரின் விலை ஒரு டீ, வடை அளவு. அப்படியானால் அதையே மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். சால்டரிங் பழகியவர் தன் சொந்த இயந்திரத்துக்குச் செய்யலாம்: குறைந்த இஎஸ்ஆர், 105 டிகிரி, 10 வோல்ட்டுக்குப் பதில் 16 வோல்ட், பிளஸ் மைனஸ் மாறாமல். ஆனால் கூடவே 230 வோல்ட் நுழையும் பிரைமரி பக்கத்தில், ஸ்டாண்ட்பை டிரான்ஸ்பார்மர் அருகே இருக்கும் சின்னக் கெப்பாசிட்டரையும் மாற்றியாக வேண்டும். இரண்டு டிரான்சிஸ்டரை மட்டும் வைத்துச் செய்த மலிவான ஸ்டாண்ட்பை சுற்றுகளில் அது காய்ந்தால் ஊதா குறையாது, ஏறும். ஏறிய ஊதா போர்டை எரித்துவிடும். மிச்சமிருக்கும் மற்ற கெப்பாசிட்டர்களுக்கும் அதே ஏழு வயது. பிழைப்பு நடக்கும் இயந்திரத்துக்கு எஸ்எம்பிஎஸ்ஸை முழுதாக மாற்றுவதுதான் சரி.

எத்தனை வாட் வாங்குவது? இந்த ஐ3 பிராசசரின் வெப்ப அளவு 54 வாட். ஹார்டு டிஸ்க், போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 100 வாட்டுக்குள் அடங்கும். எனவே பெரிய எண்ணைத் தேட வேண்டியதில்லை, நேர்மையான எண்ணைத் தேட வேண்டும். லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் படித்தால் போதும். கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் மேலே 450 வாட், உள்ளே 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர். பெருக்கினால் 120 வாட். இந்தக் காலக் கணினி ஏறக்குறைய முழுச் சுமையையும் 12 வோல்ட்டில்தான் இழுக்கிறது. மீதி எண்ணெல்லாம் அட்டைப் பெட்டிக்கு.

புதிதை மாட்டும்போது பிராசசர் அருகே உள்ள 4 முனை 12 வோல்ட் கனெக்டரை மறப்பவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும், 'புது சப்ளையும் போச்சு' என்ற அடுத்த குழப்பம் ஆரம்பிக்கும். பட்டனின் ஒயரையும் இந்தச் சமயத்திலேயே சோதித்துவிடலாம். போர்டில் முன்பக்க பேனல் ஒயர்கள் சேரும் முனைகளில், பல போர்டுகளில் 6, 8 இரண்டையும் ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆக வேண்டும். அப்படி ஆகி, பட்டனில் ஆகவில்லை என்றால் பட்டனோ அதன் ஒயரோ போயிருக்கிறது. இந்த இயந்திரத்தில் பட்டன் நன்றாகவே இருந்தது, ஐம்பது அழுத்து வாங்கிய பிறகும்.

மாட்டிய அன்று மாலை அளவு: போர்டு இல்லாமல் 5.08, போர்டோடு 5.05, பட்டனை அழுத்தும்போது 5.02. ஆனால் மாலை அளவை வைத்து இந்தப் புகாரை முடித்துவைக்க முடியாது. பழைய எஸ்எம்பிஎஸ்கூட மாலையில் ஒழுங்காகத்தான் ஓடியது. சனிக்கிழமை இரவு மெயின் அணைத்து, ஞாயிறு முழுக்க அப்படியே விட்டு, திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, பில் பிரிண்டரும் டாங்கிளும் பென்டிரைவும் குத்தியபடியே மறுபடி அளந்தது. ஊதாவில் 5.04. முதல் அழுத்திலேயே ஆன் ஆனது.